சரிவில் வெட்டிய குழி

மலைமேல் இருந்த கோல்ஃப் கிளப்பின் தலைவர் ரங்கதுரை, பெரிய போட்டிக்காகக் கடைசிக் குழியை வழுக்குச் சரிவில் வெட்டச் சொன்னார். முந்தின நாள் பழகிப் பார்த்தவர்களின் பந்தெல்லாம் உருண்டு சரிவின் அடியில் இருந்த குளத்தில் விழுந்தது.

"இது நியாயமில்லைங்க" என்றான் பெள்ளி. பிறருக்கு கோல்ஃப் மட்டைப் பை சுமந்து சுமந்தே ஆட்டக்காரன் ஆனவன் அவன்.

"திறமை இல்லாதவன் பேச்சு! நியாயமில்லை என்று நிரூபி. இல்லாவிட்டால் போட்டியிலிருந்து உன் பெயரை அடித்துவிடுவேன்" என்றார் தலைவர்.

பெள்ளி பந்தை நீட்டினான். "அடிக்க வேண்டாங்க ஐயா. குழிக்கு ஒரு சாண் தள்ளிக் கையாலேயே வையுங்க. நின்னா நானே போயிடறேன்."

தலைவர் குனிந்து வைத்தார். விரலை எடுத்ததும் பந்து ஓடிக் குளத்தில் குதித்தது.

"ஆடுற எங்களுக்கும் குளம், ஆடாத உங்களுக்கும் குளம். அப்போ பரீட்சை யாருக்குங்க ஐயா?"

சுற்றி நின்ற ஆட்டக்காரர்களோடு தலைவரும் சிரித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் குழி இடம் மாறியது.

மறுநாள் பெள்ளி நாலாவதாக வந்தான். "என்னைவிட நல்லா ஆடினவங்க ஜெயிச்சாங்க" என்று நிம்மதியாக டீ குடிக்கப் போனான்.