சாணம் யாருடையது, பழம் யாருடையது?

பண்ணையார் சிங்காரவேலுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூட்டை மூட்டையாய்க் கடை உரம் கொட்டியும் அவர் தோப்பில் கொய்யாக்காய் கோலிக்குண்டு அளவுதான். வேலிக்கு அந்தப் பக்கம், அவர் தொழுவத்தைக் கூட்டுகிற செவந்தியின் மரங்கள் பழம் தாங்காமல் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன!

விசாரித்தார். "நாறுது, கண்ணுல படாம கொட்டித் தொலை" என்று அவரே ஒதுக்கிய சாணத்தை, அவள் இலைதழையோடு குழியில் மக்கவைத்து மரத்துக்குப் போட்டிருந்தாள்.

உடனே ஆள்விட்டு ஒரு பழம் விடாமல் பறித்துவரச் சொன்னார். மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு அதையே தட்டில் வைத்து, தானும் ஒன்றைக் கடித்தார்.

செவந்தி ஓடிவந்தாள். "எசமான், சந்தைக்கு வச்சிருந்த பழம்!"

"அதுல உன்னுது என்னடி இருக்கு? அத்தனையும் என் வீட்டுச் சாணம்! இனி வருசா வருசம் மொத்தமும் இங்கதான் வரணும்!"

செவந்தி விருந்தாளிகளைப் பார்த்துக் கும்பிட்டாள். "எசமான் சொன்னா சரிதாங்க. கூச்சப்படாம சாப்பிடுங்க. அத்தனையும் அவங்க வீட்டுச் சாணம்."

கடித்த வாய்கள் கடித்தபடி நின்றன. மாப்பிள்ளையின் தகப்பனார் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

பண்ணையாருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "ஐயையோ, உக்காருங்க! இது சாணமில்ல, பழம்! சத்தியமா பழம்!"

"பழந்தானுங்களே எசமான்? அப்ப என்னுது" என்று செவந்தி கூடையை நீட்டினாள்.

அதில் முதலில் விழுந்தது, பண்ணையார் பாதி கடித்த பழம்.