ஞானாம்பாள் தொடாத திரை

"என் வீட்டுக்காரிக்காகவே செஞ்சேன். அவளே தொட மாட்டேங்கிறா."

தியாகேசன் இப்படிச் சொன்னபோது குரு பூங்கோதை ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏரியும் வானமும் அன்று ஒரே நிறம். தண்ணீர் எங்கே முடிகிறதென்று தெரியவில்லை.

வயதில் அவரைவிடச் சின்னவள்தான். இசை மென்பொருளில் அவளுக்குத் தெரியாதது இல்லை என்பார்கள். ஆனால் அவள் வாயிலிருந்து ஒரு பதில் வாங்குவதற்குள் நமக்குப் போதும் போதுமென்றாகிவிடும்.

தியாகேசனின் மனைவி ஞானாம்பாள் மேடையில் பாடியவள். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது, குரல் போய்விட்டது. இப்போது கிசுகிசுப்பாகப் பேசுவாள், அதுவும் அவசியமென்றால்தான்.

மனுஷனுக்குத் தாங்கவில்லை. வருஷக்கணக்கில் உட்கார்ந்து ஒரு மென்பொருள் செய்தார். திரையில் கட்டங்கள் போட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுத்தால் இசை வரும். குரல் வேண்டாம், விரல் போதும்.

அவள் ஒருமுறை திறந்தாள். மூடினாள். அதோடு சரி.

"பொத்தானையெல்லாம் பெருசாக்கினேன். கட்டத்துக்கெல்லாம் தமிழ்ல பேர் வச்சேன். பக்கத்துல உட்கார்ந்து விளக்கினேன். இன்னும் என்னத்தச் சுலபமாக்குறது?"

"திறந்ததும் என்ன வரும்?"

"வெள்ளைத் திரை. சுத்தமா, காலியா இருக்கும். எது வேணும்னாலும் போட்டுக்கலாம்."

"சத்தம்?"

"அது எப்படி வரும்? முதல்ல அவ எதையாவது இணைக்கணுமே."

குரு திரும்பினாள்.

"காலியா, சத்தமில்லாம ஒண்ணு. அதுதான் அவங்ககிட்ட ஏற்கெனவே இருக்கே."

தியாகேசனுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

குரு அவருடைய மடிக்கணினியை இழுத்து, சில கட்டங்களைப் போட்டுக் கோடிழுத்தாள். தம்புரா மாதிரி ஒரு நாதம் மெல்ல எழுந்து ஏரிப்பக்கம் போயிற்று.

"இனிமே இப்படியே திறக்கட்டும்."

"எல்லாத்தையும் நீங்களே இணைச்சிட்டா, அவ செய்ய என்னங்க மிச்சம்?"

"கொண்டுபோய்க் கொடுங்க. கொடுத்துட்டு வாயை மூடிக்கிட்டு இருங்க."

வீட்டில் ஞானாம்பாள் வேண்டா வெறுப்பாகத்தான் திறந்தாள். நாதம் எழுந்து அறையை நிறைத்தது. தூக்கத்தில் நடப்பவள்போல விரலை நீட்டி, ஒரு கோட்டைத் தொட்டு இழுத்தாள்.

கோடு கழன்றது. சத்தம் நின்றது.

"கெடுத்துட்டேனா?"

விளக்கம் சொல்ல அவருக்கு நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

அவள் கோட்டைத் திரும்ப மாட்டினாள். அவசரத்தில் வேறொரு கட்டத்தில் மாட்டிவிட்டாள். குரு வைக்காத ஒரு நாதம் வந்தது.

ஞானாம்பாள் தலையைச் சாய்த்துக் கேட்டு முகம் சுளித்தாள். கச்சேரிக்கு முன்னால் சுருதி சேர்க்கும்போது அவள் சுளிக்கிற சுளிப்பு அது. அதைப் பார்த்து எத்தனை காலமாயிற்று. தியாகேசனுக்குக் கண் கலங்கியது.

"சுருதி தூக்கலா இருக்கு," என்று கிசுகிசுத்தாள். "தள்ளி உட்காருங்க."