எட்டு கிட்டார்

"ரெண்டாவது ஆல்பம் வெயிட்டா இல்லையாம். இத்தனை கிட்டார் போட்டும் இல்லையாம்" என்றான் டெரன்ஸ்.

யமுனா சமோசா பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

டெரன்ஸ் 'உலைக்களம்' என்கிற மெட்டல் பேண்டின் கிட்டாரிஸ்ட். பேண்டை ஆரம்பித்ததும் அவன்தான். யமுனா பெரம்பூரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, தனித்தனியாகப் பதிவான வாத்தியங்களைச் சேர்த்துப் பாட்டுகளை மிக்ஸ் செய்பவள். உலைக்களத்தின் முதல் ஆல்பமும் அவள் மிக்ஸ்தான். அவனைவிடப் பத்து வயது சின்னவள். ஆனாலும் மெட்டல் ஆட்கள் எல்லாரும் அவளை குரு என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அது பிடிக்காது. பதிலுக்கு அத்தனை பேரையும் அண்ணா என்று கூப்பிட்டுக் கடுப்பேற்றுவாள்.

"யார் சொன்னாங்க?"

ரிலீசுக்கு முன்னால் சில பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறான். முதல் ஆல்பத்துக்குக் கழுத்து சுளுக்குகிறவரை தலையாட்டியவர்கள், இதைக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்களாம். ஒருத்தன் பாதிப் பாட்டில் போனை எடுத்துப் பார்த்தானாம்.

இப்படியே வெளியே போனால் உலைக்களம் ஒரே ஒரு ஆல்பத்தோடு முடிந்த பேண்ட். அது அவனுக்குத் தெரியும்.

"நீயே சொல்லு. பாட்டு மோசமா?"

மோசம் இல்லை. அவளும் ஒத்துக்கொண்டாள். ஒவ்வொரு ரிஃபும், அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கும், முதல் ஆல்பத்தைவிடக் கூர்மை. அதில் டிரம்ஸ் அங்கங்கே தாளத்துக்கு முன்னால் ஓடிவிடும், இதில் ஒரு இடத்தில்கூட ஓடவில்லை. எந்தப் பாட்டும் தேவையில்லாமல் இழுக்கவில்லை.

"அப்புறம் என்ன? சத்தத்தை மட்டும் ஏத்திக் குடு."

"பேஸ் எங்கண்ணா?"

"அழிச்சிட்டேன்."

பேஸ் என்றால் தடித்த கம்பி போட்ட கிட்டார். அடியில் உறுமும். அதை வாசிப்பவன் பரிதி. ஒரே ரிஃபை எட்டுத் தடவை வாசித்து அடுக்குவது வேஸ்ட், ரெண்டு போதும் என்று பரிதி சொல்லியிருக்கிறான். பேஸ்காரனுக்கு கிட்டாரைப் பற்றி என்ன தெரியும் என்று டெரன்ஸ் கேட்டிருக்கிறான். பரிதி பேஸை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அன்றைக்கே அவன் வாசித்ததை எல்லாம் டெரன்ஸ் அழித்துவிட்டான். நல்லதுதான் என்றான். அந்த உறுமல் முதல் ஆல்பத்திலிருந்தே தன் கிட்டாரை மூடிக்கொண்டிருந்ததாம்.

யமுனா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கண்ணை மூடுங்க."

மூடினான்.

"முதல் ஆல்பத்தைப் போடுறேன். நடுவுல ஒண்ணே ஒண்ணை நிறுத்துவேன். வெயிட் போனதும் கையைத் தூக்குங்க."

பாட்டு ஓடியது. அவன் தலை தானாக ஆடியது.

அவள் ஒரு பட்டனை அமுக்கினாள்.

கை உடனே மேலே போனது. கோபமும் வந்தது.

"என் கிட்டாரை ஏன் நிறுத்தின?"

"திறந்து பாருங்க."

திரையில் கிட்டார் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் தொடவில்லை. டிரம்ஸும் ஓடியது. பேஸ் மட்டும் அணைந்திருந்தது.

"இன்னொரு தடவை" என்றான்.

இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. அவள் பேஸை அணைத்தாள். அவன் கிட்டார் தகர டப்பாவில் மாட்டிய கொசு மாதிரி ஆனது. அவள் பேஸைத் திரும்ப ஓடவிட்டாள். கிட்டார் திரும்பி வந்தது.

அவள் சமோசாவை அவன் பக்கம் தள்ளினாள். அவன் தொடவில்லை.

கூப்பிட்டால் பரிதி வரமாட்டான் என்றான். வராமல் போகலாம் என்றாள் அவள். ஒரு சமோசாவை எடுத்துக் கடித்தாள்.

டெரன்ஸ் போன் போட்டான். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டான். கட் ஆனது. மறுபடியும் போட்டான்.

"என்ன?" என்றான் பரிதி.

"பேஸை எடுத்துக்கிட்டு யமுனா ரூமுக்கு வா."

"ஏன்? எட்டு கிட்டார் பத்தலையா, ஒன்பதாவதா என்னையும் கூப்பிடுற?"

"எட்டு போட்டும் என் கிட்டார் கேக்கலடா" என்றான் டெரன்ஸ்.