அடுப்புச் சுவருக்கு டைல்ஸ்

குற்றாலிங்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு மடத்துக்கு வந்து சேர்ந்தார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மடத்துச் சாமிக்கோ நாற்பதுகூட இருக்காது. அதனால் குரு சீடரை 'அண்ணாச்சி' என்பார். சீடர் குருவை 'சாமி' என்பார். இருவருக்கும் அது பழகிப்போயிற்று.

குற்றாலிங்கத்துக்கு ஒரே ஓர் ஆசை. கண்ணை மூடுவதற்குள் தீட்சை வாங்கிவிட வேண்டும். கேட்கக் கூச்சம். ஒரு நாள் மென்று முழுங்கிக் கேட்டே விட்டார்.

"சாமி, எனக்கு எப்போ தீட்சை?"

சாமி அப்போது அடுப்படி வாசலில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்புக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கரி. காரை பொரிந்து பொரிந்து நின்றது.

"முதல்ல இந்தச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டணும் அண்ணாச்சி. நீங்களே பார்த்து எடுத்துட்டு வாங்க."

குற்றாலிங்கத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆயுசு முழுக்க வினாத்தாள் தயாரித்த மனுஷர் அவர். தீட்சையைக் கேட்டால் டைல்ஸைச் சொல்கிறார் என்றால் அது சும்மாவா இருக்கும்?

மறுநாளே டவுனுக்குப் போய் மாதிரிக்கு ஒன்று வாங்கி வந்தார். பால் வெள்ளை.

"சாமி, வெள்ளையில சின்னக் கறை பட்டாலும் தெரிஞ்சிரும். தெரிஞ்சாத்தானே துடைப்போம்? மனசும் அப்படித்தான் இருக்கணும்னு எனக்குப் படுது."

சாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஒட்டிருவோம்."

குற்றாலிங்கம் தன் அறைக்குப் போகும் வழியிலேயே வாடிவிட்டார். இவ்வளவு சுலபமாகச் சரி சொல்கிறார் என்றால் விடை தப்பு. கொத்தனாரை அவர் கூப்பிடவில்லை.

அடுத்த வாரம் கறுப்பு வாங்கி வந்தார்.

"எது வந்து பட்டாலும் இதுக்கு ஒண்ணுமில்ல சாமி. வெள்ளைக்குக் கறையைப் பத்தின பயம் இருக்கு. இதுக்கு அந்தப் பயமே இல்ல."

"நல்லாத்தான் இருக்கு. ஒட்டிருவோம்."

வெள்ளையோடு அதுவும் அவர் கட்டிலுக்கு அடியில் போயிற்று.

மூன்றாவது, முகம் பார்க்கிற மாதிரி பளபளப்பாக இருந்தது. எல்லாவற்றையும் காட்டும், எதையும் பிடித்து வைத்துக்கொள்ளாது என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். சாமி பொறுமையாகக் கேட்டார்.

"அழகா இருக்கே. கொத்தனாரை வரச் சொல்லவா?"

"இல்ல சாமி, இன்னும் கொஞ்சம் யோசிச்சுக்கிடுதேன்."

"சரி. சீக்கிரம் யோசிங்க."

அந்த 'சீக்கிரம்' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று குற்றாலிங்கம் நாள் முழுக்க யோசித்தார்.

மடத்தில் சமைக்கிறவள் பகவதி. பக்கத்து ஊர்க்காரி. கட்டிலுக்கு அடியில் டைல்ஸ் சேர்ந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். பெருக்கும்போது பார்த்திருக்கிறாள்.

"அண்ணாச்சி, அதுல ஏதாவது ஒண்ணை ஒட்டிப் போடுங்களேன். நேத்து ரசத்துல காரைச் சில்லு கிடந்துச்சு. கரண்டியில அரிச்சு எடுத்துட்டுத்தான் பந்திக்கு அனுப்புனேன்."

"இது வெறும் டைல்ஸ் இல்லம்மா. உனக்குச் சொன்னாப் புரியாது."

"எனக்கு வெறும் டைல்ஸ் போதும் அண்ணாச்சி."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நான்காவது டைல்ஸைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு அவர் மடத்துக்குள் நுழைந்தபோதுதான் அடுப்படியிலிருந்து அலறல் கேட்டது. அன்று வடை போட்டுக்கொண்டிருந்தாள் பகவதி. சுவரிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து எண்ணெய்ச் சட்டியில் விழுந்திருந்தது. கொதிக்கிற எண்ணெய் அவள் வலது கையில் முழங்கை வரை தெறித்துவிட்டது.

குற்றாலிங்கம்தான் ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். மருந்து போடும்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. வெளியே வந்து மரத்தடியில் நின்று அழுதார்.

அவளை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பும் வழியில் டைல்ஸ் கடை முன்னால் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார்.

"என்ன கலர் சார் வேணும்?"

"இப்பவே வண்டியில ஏத்துற மாதிரி எது இருக்கு?"

விற்காமல் தங்கிப்போன பச்சைப் பூப்போட்ட டைல்ஸ் கொஞ்சம் இருந்தது. அது போதாமல், குறைக்கு மஞ்சள். ஏற்றிக்கொண்டு வந்தார். கொத்தனார் பழைய காரையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசி ஒட்டினார். அது முடிகிற வரை கொல்லையில் கல் கூட்டிக் குற்றாலிங்கமே சமைத்தார். சோறு குழைந்தது, சாம்பாரில் உப்பு கூடியது. யாரும் முகம் சுளிக்கவில்லை.

வேலை முடிந்ததும் சாமி வந்து பார்த்தார். மேலே பச்சைப் பூ, கீழே மஞ்சள். பொருத்தம் என்று பேருக்குக்கூடச் சொல்ல முடியாது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

வெள்ளைக்கும் கறுப்புக்கும் சொன்ன அதே வார்த்தை. குற்றாலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சாமி, எனக்குத் தீட்சை வேண்டாம். அதைக் கேக்கிற யோக்கியதை எனக்கு இல்ல. நீங்க வச்ச பரீட்சையில நான் தோத்துட்டேன்."

"எந்தப் பரீட்சை?"

"இந்தச் சுவர்தான் சாமி. நீங்களே பார்த்து எடுங்கன்னு சொன்னீங்களே."

சாமி அவரைப் புரியாமல் பார்த்தார்.

"நான் பரீட்சை ஒண்ணும் வைக்கலையே அண்ணாச்சி. காரை விழுந்துக்கிட்டு இருந்துச்சு. டைல்ஸ் வாங்கிட்டு வரச் சொன்னேன்."



"அப்போ... தீட்சை கேட்டதுக்கு நீங்க சொன்ன பதில்?"

"அன்னைக்கே கொடுத்திருப்பேன். தீட்சை கொடுக்கிற அன்னைக்கு ஊருக்கே சாப்பாடு போடுறது நம்ம மடத்து வழக்கம். காரை விழுற அடுப்படியில அத்தனை பேருக்கு எப்படிச் சமைக்கிறது? அதான் முதல்ல சுவரை முடிப்போம்னு நினைச்சேன்." சுவரைத் தடவிப் பார்த்தார். "நீங்க யோசிக்கிறதா சொன்னீங்க. நானும் விட்டுட்டேன். நானே கொத்தனாரைக் கூப்பிட்டிருக்கணும். அந்தத் தப்பு என்னுது."

கொல்லையில் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. இன்னும் உலை வைக்கவில்லை.

குற்றாலிங்கம் போய் உலை வைத்துவிட்டு வந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"இப்போ சுவர் முடிஞ்சிருச்சே சாமி?"

சாமி தலையாட்டினார்.

"பகவதி கை ஆறட்டும்."