லிங்க் சொன்ன ‘மாட்டேன்’

சொற்களுக்கும் வாயிருந்த அந்தக் காலத்தில், ஆங்கில ஊரில் லிங்க் என்றொரு பெண் இருந்தாள். தொடர்பு என்பது அவள் பொருள். இரு கரைகளுக்கு நடுவே கயிறாகக் கிடந்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வது அவள் வேலை.

அவளுக்கு வரன் பேச அகராதித் தரகர் வந்தார். அந்த ஊரில் ஜாதகம் பார்ப்பதில்லை, அர்த்தம் பார்ப்பார்கள்.

“பையன் பேரு நியர். ‘அருகில்’னு அர்த்தம். பத்துப் பொருத்தமும் அமைஞ்சிருக்கு,” என்றார்.

“எனக்கு க்ளோஸைப் பிடிச்சிருக்குப்பா,” என்றாள் லிங்க் அப்பாவிடம், சுவரைப் பார்த்தபடி. உரக்கப் பேசிப் பழகாதவள்.

தரகர் சிரித்தார். “அவனுக்கு ‘நெருக்கம்’னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணுதானேம்மா. நியர் வீட்டுல மாடி வேற இருக்கு.”

அப்பா தாம்பூலத் தட்டை மாற்றிக்கொண்டார்.

முகூர்த்தத்தன்று நியர் தாலியைக் கையில் எடுத்ததும் லிங்க் எழுந்துவிட்டாள். கெட்டிமேளம் பாதியில் நின்றது.

“உட்காரு. ஊரே பாக்குது,” என்று அப்பா பல்லைக் கடித்தார்.

“மாட்டேன்பா.” உட்காரவில்லை. “ஐப்பசி வெள்ளத்துல ஆத்து நடுவுல நான் அறுந்துட்டிருந்தேன். அப்ப இவர் எங்க நின்னாருன்னு கேளுங்க.”

நியர் பொய் சொல்லத் தெரியாதவன். “பக்கத்துலதான் நின்னேன்.”

“ஆமா, பக்கத்துலதான். க்ளோஸ் தண்ணிக்குள்ள எறங்கி, ரெண்டு முனையையும் நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சாரு. உங்க கணக்குல ரெண்டும் ஒண்ணா இருக்கலாம், தரகரே. அறுந்துட்டிருந்தவளுக்கு ஒண்ணு இல்ல.”

“அப்ப மாலையைக் கழட்டு. இனி என் வாசல்ல கால் வைக்காத,” என்றார் அப்பா.

லிங்க் மாலையைக் கழற்றி மணையில் வைத்தாள். பந்தலுக்கு வெளியே நின்ற க்ளோஸின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதைக் கண்ட அவள் தோழி, ‘பிணைப்பு’ என்று பொருள்கொண்ட பாண்ட், தனக்கு நிச்சயித்திருந்த ‘கடினம்’ என்ற ஹார்டை வேண்டாமென்று சொல்லிவிட்டு ‘உறுதி’ என்ற ஸ்ட்ராங்கைத் தேடிப் போனாள்.

அன்று முதல்தான் ஆங்கிலத்தில் ‘க்ளோஸ் லிங்க்’ என்கிறார்கள், ‘ஸ்ட்ராங் பாண்ட்’ என்கிறார்கள். அர்த்தம் எவ்வளவு பொருந்தினாலும் ‘நியர் லிங்க்’ என்று யாரும் சொல்வதில்லை. ஏன் என்று கேட்டால் வாத்தியார்கள் இலக்கணப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். மணையிலிருந்து எழுந்த ஒருத்தியின் ‘மாட்டேன்’ அதில் எப்படி இருக்கும்?