மேகத்திட்டுக் குட்டி

கிழக்கெல்லை மலையில், மூங்கில் காட்டு ஆசிரமத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பூனை வந்தால் பால் வைப்பார்கள். புலி இனத்துக் குட்டி அகப்பட்டால் ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிடுவார்கள்.

தேன் எடுப்பவன் ஒருவன் தாயில்லாக் குட்டி ஒன்றைக் கூடையில் கொண்டுவந்தான். உடம்பெல்லாம் மேகம் கலைந்ததுபோலத் திட்டுத்திட்டாக இருந்தது.

"பூனைதான் சாமி," என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனான்.

சீடர் மாசிலாமணி நம்பவில்லை. போன மழையில் அவர் கைப்பட வளர்த்த சினையாட்டைச் சிறுத்தை தூக்கிப் போயிருந்தது. அந்தச் சிறுத்தையை அவர் மன்னிக்கவில்லை. "போனால் போகட்டும்" என்ற குருவையும்தான்.

"இது சிறுத்தைக்குப் பிறந்தது சாமி. அக்கரைக்கு அனுப்புங்கள்."

"பால் மறக்காத குட்டி. அங்கே ஒருநாள் தாங்காது."

"அது அதன் தலையெழுத்து."

"பூனையாக இருந்துவிட்டால்?"

"பூனைக்கு இப்படி உலக்கைமாதிரி காலா?"

"சரி, நீயே பார்த்துச் சொல். சாயங்காலம் படகு போகும்."

மாசிலாமணி கூடையருகே உட்கார்ந்தார். பூனை என்றால் கழுத்தைத் தடவினால் குர்ர் குர்ர் என்னும். தடவினார். சத்தமே இல்லை. சிறுத்தை என்றால் அடிவயிற்றிலிருந்து உறுமும். வாலைத் திருகினார். சீறியது, அவ்வளவுதான்.

"கள்ளப்பயலே! வாயைத் திறந்தால் குட்டு உடையும் என்று தெரிந்திருக்கிறது உனக்கு."

உச்சி வெயிலில் பூனையின் கண்மணி கீற்றாக ஒடுங்கும். சிறுத்தைக்கு வட்டமாகவே நிற்கும். குட்டியை மடியில் வைத்து, முகத்தை வெயிலுக்குத் தூக்கினார். கீற்றும் இல்லை, வட்டமும் இல்லை. நெல்மணிபோல இரண்டுக்கும் நடுவில் நின்றது.

கண்ணிலும் பித்தலாட்டம். சாமிக்கு முன்பே தெரியும், தெரிந்துகொண்டேதான் என்னை ஆட்டுவிக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

பல்லையாவது பார்ப்போம் என்று விரலை ஆட்டுப்பாலில் தோய்த்து வாய்க்குள் விட்டார். பல் இன்னும் சரியாக முளைக்கவில்லை. ஆனால் குட்டி விரலை விடவில்லை. மறுபடி தோய்த்தார். மறுபடியும்.

வெயில் சாய்ந்தது. ஆற்றிலிருந்து படகுக்காரன் கூப்பிட்டான். குரு வந்தார்.

"என்னப்பா, பூனையா புலியா?"

"பிடி கொடுக்க மாட்டேன் என்கிறது சாமி. எனக்கு இதன்மேல் சந்தேகம்தான்."

"அப்படியானால் எடுத்துக்கொண்டு வா. படகு நிற்கிறது."

மாசிலாமணி எழவில்லை.

"மெல்லப் பேசுங்கள் சாமி. இப்போதுதான் கண்ணயர்ந்தது."

குரு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சரி. ஆட்டுக்கொட்டில் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டுவிடு."