சுபேதாரின் லூகரில் இரண்டு ஆண்டுகள்

இந்தக் கதையில் மூன்று பெரிய மனிதர்கள் சேர்ந்து, செத்துப்போன ஒருவருக்கு அநியாயம் செய்கிறார்கள். யார் செய்தது பெரிய அநியாயம் என்று கடைசியில் உங்களைத்தான் கேட்கப்போகிறேன்.

வேலூருக்குத் தெற்கே, வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர் அது. பூரணவல்லியின் கொள்ளுத்தாத்தா சுபேதார் பொன்னுரங்கம், முதல் உலகப்போரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் சண்டை போட்டவர். 1917இல் ஒரு ஜெர்மன் அதிகாரியை உயிரோடு பிடித்து, அவனுடைய லூகர் கைத்துப்பாக்கியோடு கூடாரத்துக்குத் திரும்பினார். பிடியில் இருந்த மரக்கட்டைகளில் ஒன்று அந்த மல்லுக்கட்டில் பிளந்துபோயிற்று. 1919இல் கப்பலேறி ஊர் வந்ததும், இரண்டு கட்டைகளையும் கழற்றி எறிந்துவிட்டு, ஈட்டி மரத்தில் தாமே புதிதாகச் செதுக்கிப் பொருத்தினார். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வேல். அந்த வருடம் முடிவதற்குள் காய்ச்சலில் போய்ச்சேர்ந்தார்.

ஆயுத பூஜை தோறும் பூரணவல்லி அந்தக் கட்டைகளைக் கழற்றி எண்ணெய் போடுவாள். குழலுக்குப் பின்னால், மேற்புறத்தில் 1913 என்று பொறித்திருக்கும். அதன்மேல் குங்குமம் வைப்பாள்.

தேர்தல் சமயத்தில் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைத்தாக வேண்டும் என்பது விதி என்பதால், போன தேர்தலின்போதும் அதை வேலூர் ஆயுதக் கடையில் ஒப்படைத்தாள். தேர்தல் முடிந்து திரும்பி வந்தது. உரிமத்தில் இருந்த துப்பாக்கி எண் சரி, வேல் போட்ட கட்டை சரி. அப்படியே வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

அந்த நேரத்தில் ஊரில் போர்வீரர்களுக்கு நினைவுக்கல் நடுவதென்று முடிவாயிற்று. கல்லில் முதல் பெயராகப் பொன்னுரங்கம் என்று பொறித்தாயிற்று. துப்பாக்கியைப் பார்வையிடப் பழைய ஆயுதங்களில் புலி என்று பெயர் வாங்கிய மேஜர் சம்பந்தத்தை அழைத்துவந்தார்கள். மனிதர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். 1913க்கு மேலே 1920 என்று இன்னொரு ஆண்டு. போர் முடிந்தபின் ஜெர்மனியில் பழைய துப்பாக்கிகளைச் செப்பனிட்டு இந்த முத்திரையைக் குத்தினார்கள் என்று விளக்கினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "1919ல செத்தவர் கைக்கு இது எப்படிம்மா வரும்? யாரோ பிற்பாடு வாங்கி, கதை கட்டியிருக்காங்க" என்று ஊர் கூடிய சபையில் சொன்னார்.

போன ஆயுத பூஜையில் குங்குமம் வைத்தபோது அங்கே ஒரே ஓர் ஆண்டுதான் இருந்தது என்று பூரணவல்லி கத்தினாள். சபை சிரித்தது. மறுநாளே விழாக்குழுத் தலைவர் கோதண்டபாணி கல்லிலிருந்து பெயரைச் செதுக்கி எடுக்கச் சொல்லிவிட்டார். போர்க்களத்தில் உயிரைப் பணயம் வைத்தவருக்கு இவர்கள் கொடுத்த மரியாதை இவ்வளவுதான்!

வீட்டுக்கு வந்த பூரணவல்லி துப்பாக்கியை விளக்கடியில் வைத்தாள். திருகாணியைக் கழற்றிக் கட்டைகளைப் புரட்டிப் பார்த்தாள். நூறு வருட எண்ணெயில் உட்புறம் கறுத்திருந்தது. ஓரத்தில் மட்டும் புது அரத்தின் தடம், எண்ணெய் ஏறாத மரமாய்ப் பளிச்சென்று தெரிந்தது. கட்டை சுபேதாருடையது. இரும்பு வேறு யாருடையதோ!

அவள் புகார் கொடுத்து, போலீசார் விசாரித்ததும் ஆயுதக் கடைக்காரர் ஜம்புலிங்கம் ஒப்புக்கொண்டார். செப்பனிடாத அசல் லூகர் வேண்டுமென்று ஒருவர் கேட்டாராம். இவளுடையதை அவருக்கு விற்றுவிட்டு, அதே 1913 பொறித்த வேறொன்றில் பழைய எண்ணை ராவி, இவள் உரிமத்தில் இருந்த எண்ணைக் குத்தி, வேல் கட்டைகளை அதில் ராவிப் பொருத்தினாராம். 1920க்கு என்ன அர்த்தம் என்று தமக்குத் தெரியாது என்றார். துப்பாக்கிக்குப் பதில் துப்பாக்கி கொடுத்துவிட்டேனே என்றும் நியாயம் பேசினார்.

மேஜர், இரும்பில் இருந்ததைத்தான் படித்தேன், அதில் பொய் இல்லையே என்றார்.

தலைவரைத் தேடிப் போனாள் பூரணவல்லி. அவர் தலையைச் சொறிந்தார். "எங்க தாத்தாவும் அதே பட்டாளம்தாம்மா. உங்க சுபேதார் அந்த ஜெர்மன்காரன இழுத்துக்கினு வந்தத கண்ணால பாத்ததா சாகிறவரைக்கும் சொல்வாரு. ஆனா மேஜரே சொல்லும்போது நான் இன்னா பண்றது?"

"அத அன்னிக்கு சபையில சொல்லியிருக்கலாமே, மாமா" என்றாள்.

ஒருவர் திருடினார். ஒருவர் பொய்யர் பட்டம் கட்டினார். ஒருவர் பெயரை அழித்தார். சொல்லுங்கள், இந்த மூவரில் யாருடைய குற்றம் பெரியது?

விடை: கோதண்டபாணியின் குற்றம்தான். ஜம்புலிங்கம் திருடியது இரும்பை. அதைத் தேடிப் பிடிக்கப் போலீஸ் இருக்கிறது. மேஜர் முத்திரையைச் சரியாகப் படித்து மனிதரைத் தப்பாகப் படித்தார். அந்த மனிதரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தலைவருக்கோ எல்லாம் தெரியும். நேரில் கண்ட சாட்சி அவர் வீட்டிலேயே இருந்தது. தெரிந்தே வாயை மூடிக்கொண்டு உளியை எடுத்துக் கொடுத்தார். பெயரை மறுபடி பொறித்துவிட்டார்கள். திறப்புவிழாவுக்கு, காவலில் இருந்த ஜம்புலிங்கத்தால் வரமுடியவில்லை, மேஜர் வந்து மன்னிப்புக் கேட்டார். தலைவர் மாலையோடு வந்தார். பூரணவல்லி அந்த மாலையைக் கல்லின்மேல் போட விடவில்லை.